பலகை எழுதும் முன்

இந்த மரக்காணம் கடற்கரையில் எழுபது வயதைக் கடந்த ஒருவரிடம் எங்கே படித்தீர்கள் என்று கேட்டால், "போர்டு ஸ்கூல்ல" என்று சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஜில்லா போர்டு என்ற அமைப்பே போய் அரை நூற்றாண்டுக்கு மேலாகிறது. அவருடைய பேத்தியைக் கேட்டால் "கவர்மென்ட் ஸ்கூல்" என்பாள். பள்ளி வாசலில் உள்ள பலகையில் நீளமாக ஒரு பெயர் இருக்கும். அதை முழுதாகச் சொல்லிப் பழகியவர் தலைமையாசிரியர் ஒருவராகத்தான் இருப்பார்.

அப்படியானால் பெயருக்காக ஏன் இத்தனை மல்லுக்கட்டு என்று கேட்கத் தோன்றும். நியாயமான கேள்விதான். ஆனால் பேச்சில் வழங்காத அந்தப் பெயர் மாற்றுச் சான்றிதழில் பிள்ளையோடு ஊர் ஊராகப் போகிறது. இது யாருடைய பள்ளி என்பதைச் சொல்லாமல் சொல்லிக்கொண்டு வாசலிலும் நிற்கிறது. ஊர் இரண்டுபட்ட நாளில் முதலில் தார் பூசப்படுவதும் அதற்குத்தான்.

மரக்காணம் வட்டாரத்தில் ஒரு நடுநிலைப் பள்ளி உயர்நிலைப் பள்ளியாகத் தரம் உயரும்போதோ, புதிய பள்ளி ஒன்று கட்டி முடியும்போதோ, என்ன பெயர் என்ற கேள்வி வந்தே தீரும். "எங்கள் தலைவர் பெயர் வேண்டும்" என்பார் ஒருவர். "இடம் கொடுத்தது எங்கள் தாத்தா" என்பார் இன்னொருவர். "பள்ளி எங்கள் ஊர் எல்லைக்குள்தான் இருக்கிறது, எங்கள் ஊர்ப்பெயர்தான் வர வேண்டும்" என்பார் மூன்றாமவர். மூவரும் ஊருக்குக் கெடுதல் நினைப்பவர்கள் அல்லர். ஆகவே கேள்வி வந்த பிறகு முட்டிக்கொள்வதைவிட, வருமுன் உட்கார்ந்து பேசிவிடலாம்.

பெயர் விஷயத்தில் நம் மாவட்டத்துக்கே ஓர் அனுபவம் உண்டு. 1993 செப்டம்பர் 30 அன்று தென்னாற்காட்டிலிருந்து பிரிந்தபோது இது வெறும் விழுப்புரம் மாவட்டமாகப் பிறக்கவில்லை. விழுப்புரம் ராமசாமி படையாட்சியார் மாவட்டமாகப் பிறந்தது. பிரிந்தது போக எஞ்சிய கடலூர்ப் பகுதி தென்னாற்காடு வள்ளலார் மாவட்டம். நம் ஊர்களுக்கு வந்துபோன அரசுப் பேருந்துகளில் தந்தை பெரியார் போக்குவரத்துக் கழகம் என்று எழுதியிருக்கும். பிறகு 1997 வந்தது. தெற்கே ஒரு புதிய போக்குவரத்துக் கழகத்துக்கு, கட்டபொம்மன் படையில் போரிட்ட வீரன் சுந்தரலிங்கத்தின் பெயரைச் சூட்டியதையொட்டிச் சாதி மோதல்கள் வெடித்தன. உயிர்கள் போயின. முடிவில் அன்றைய முதல்வர் மு. கருணாநிதியின் அரசு, மாவட்டங்களுக்கும் போக்குவரத்துக் கழகங்களுக்கும் சூட்டியிருந்த தலைவர்களின் பெயர்கள் அனைத்தையும் எடுத்துவிட்டது. படையாட்சியாரோடு பெரியாரும் போனார், காமராஜரும் போனார், யாரோடும் சண்டையில்லாத திருவள்ளுவரும் போனார்.

அந்த முடிவைப் பற்றி இன்றும் இரண்டு கருத்து உண்டு. எரிகிற வீட்டில் எந்த அறையை முதலில் அணைப்பது என்று பார்த்துக்கொண்டிருக்க முடியாது. எல்லார்க்கும் ஒரே அளவாக எடுத்ததுதான் நியாயம் என்பது ஒன்று. "எல்லோருடைய பெயர்களும் ஆண்டுக்கணக்கில் ஓடின. எங்கள் முறை வந்தபோதுதான் பெயரே வேண்டாம் என்ற பொது நியாயம் நினைவுக்கு வந்ததா?" என்பது மற்றொன்று. இரண்டாவது கேள்விக்கு இன்றுவரை யாரும் திருப்தியான பதில் சொல்லவில்லை என்றே நினைக்கிறேன். பொது விதி சரியானதாக இருந்தாலும், அது எப்போது வருகிறது என்பதை மக்கள் கவனிக்கிறார்கள். விதியை முன்பே வகுத்திருந்தால் அந்த மனக்குறைக்கே இடம் இருந்திராது.

தலைவர்களின் பெயரைப் பள்ளிக்குச் சூட்டக் கேட்பவர்களின் பக்கத்தை எளிதாகத் தள்ளிவிட முடியாது. பலகையில் உள்ள பெயரைப் பார்த்து "அவர் யார்?" என்று ஒரு குழந்தை கேட்பதே ஒரு பாடம். வகுப்பறைக்கு வெளியே உட்கார வைக்கப்பட்டவர்களின் கொள்ளுப்பேத்தி, தன்னைப் போன்ற ஒருவரின் பெயரைத் தாங்கிய வாசல் வழியே பள்ளிக்குள் நுழைவது சிறிய விஷயம் அல்ல. தெருவிலும் திடலிலும் மண்டபத்திலும் பிறர் பெயரையே பார்த்து வளர்ந்தவர்கள் தங்களுக்கும் ஒரு பெயர் கேட்டால், அதைச் சாதி வெறி என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவது நேர்மை ஆகாது.

மறுபக்கமும் இருக்கிறது. தமிழ்நாட்டுச் சாலைச் சந்திகளில் இரும்புக் கூண்டுக்குள் நிற்கும் சிலைகளை எல்லோரும் பார்த்திருக்கிறோம். நாட்டுக்கே உழைத்தவர்களைப் பிறகு ஒரு பகுதியார் மட்டும் தம்மவர் என்று பிடித்துக்கொள்கிறார்கள். இன்னொரு பகுதியார் அவர் தமக்கு வேண்டாதவர் என்று விட்டுவிடுகிறார்கள். சிலையைக் கூண்டில் வைக்கலாம். பள்ளியை வைக்க முடியாது. 2013 ஏப்ரல் 25 அன்று மரக்காணத்தில் நடந்த சாதி மோதலையும், உயிரிழப்பையும் எரிந்த வீடுகளையும் இந்த ஊர் மறக்கவில்லை. யார் தொடங்கியது என்ற வழக்குக்குள் இங்கே போக வேண்டியதில்லை. அந்த நினைவு உள்ள மண்ணில், இரு தரப்புப் பிள்ளைகளும் ஒரே பெஞ்சில் உட்காரும் இடத்தின் வாசலில் என்ன எழுதுகிறோம் என்பதில் கூடுதல் கவனம் வேண்டும் என்பது மட்டும் போதும்.

கட்சி அரசியலும் சேர்ந்துகொண்டால் பெயருக்கு ஆயுள் இன்னும் குறைவு. 2021-இன் தொடக்கத்தில் அன்றைய அ.தி.மு.க. அரசு விழுப்புரத்தைத் தலைமையிடமாகக் கொண்டு டாக்டர் ஜெ. ஜெயலலிதா பல்கலைக்கழகத்தை அமைத்தது. ஆட்சி மாறியது. அதே ஆண்டு ஆகஸ்டில் அதை அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தோடு இணைக்கும் சட்டமுன்வடிவு பேரவையில் நிறைவேறியது. நிதியும் கட்டமைப்பும் இல்லாத நிறுவனம் என்றது புதிய அரசு. பெயருக்காகவே மூடுகிறார்கள் என்றது எதிர்க்கட்சி. இரண்டில் எது சரி என்பதை வாசகர்களுக்கு விட்டுவிடலாம். பெயர் வேறாக இருந்திருந்தால் விவாதமாவது நிதியைப் பற்றியும் கட்டடத்தைப் பற்றியும் மட்டும் நடந்திருக்கும்.

பலகையில் துறையின் பெயர் ஒட்டிக்கொள்வது இன்னொரு சிக்கல். இது தலைவர் பெயரைவிட ஆழமானது. ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள் தமிழ்நாட்டில் ஆயிரத்துக்கும் மேல் உள்ளன. சென்னை மாகாண காலத்தில் மற்றப் பள்ளிகள் கதவைச் சாத்தியபோது, தொழிலாளர் துறை திறந்துவைத்த "லேபர் ஸ்கூல்"களின் வழிவந்தவை அவை. மதுரைப் பக்கம் உள்ள கள்ளர் சீரமைப்புப் பள்ளிகளுக்கும் ஒரு வரலாறு உண்டு. குற்றப் பரம்பரைச் சட்டத்தை எதிர்த்த பெருங்காமநல்லூர் மக்கள் மீது 1920 ஏப்ரல் 3 அன்று துப்பாக்கிச் சூடு நடந்தது. அந்தக் காலத்து வடுக்களோடு சேர்ந்து வளர்ந்த பள்ளிகள் அவை. பெயரை எடுத்தால் வரலாறும் போய்விடும், அதோடு தனி நிதியும் பணியிடங்களும் மெல்லக் கரைந்துவிடும் என்று அஞ்சுபவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். பலகை மாறிய பிறகு நிதி மாறாமல் இருந்த கதைகள் நம்மிடம் குறைவு.

ஆனால் அந்தப் பெயரைச் சுமப்பது துறை அல்ல, பிள்ளை. பத்தாம் வகுப்பு முடித்துத் திண்டிவனத்திலோ புதுச்சேரியிலோ இன்னொரு பள்ளியில் சேரப் போகும்போது, விண்ணப்பத்தில் சாதிக்கெனத் தனிக் கட்டம் இருந்தும், படித்த பள்ளியின் பெயரே அதை முந்திக்கொண்டு சொல்லிவிடுகிறது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவரும் அவர் தங்கையும் சக மாணவர்களால் வீடு புகுந்து வெட்டப்பட்ட பிறகு, ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் அரசு ஒரு நபர் குழுவை அமைத்தது. 2024 ஜூனில் அவர் அளித்த 610 பக்க அறிக்கையின் பரிந்துரைகளில், பள்ளிப் பெயர்களின் முன்னும் பின்னும் உள்ள சாதி அடையாளங்களை நீக்குவதும் ஒன்று. 2025 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி டி. பரத சக்கரவர்த்தி, சங்கங்கள் நடத்தும் கல்வி நிலையங்களின் பெயரில் சாதி இருக்கக் கூடாது என்று தீர்ப்பளித்தார். அரசு நடத்தும் பள்ளிகளும் கள்ளர் சீரமைப்பு, ஆதிதிராவிடர் நலம் என்ற அடைமொழிகள் இன்றி அரசுப் பள்ளி என்றே வழங்கப்பட வேண்டும் என்றது அத்தீர்ப்பு. அதே ஆண்டு ஜூலையில், பல துறைகள் நடத்தும் 2,739 மாணவர் விடுதிகளும் இனி சமூகநீதி விடுதிகள் என்றே அழைக்கப்படும் என்று முதல்வர் மு.க. ஸ்டாலின் அறிவித்தார்.

இரு பக்கத்து அச்சமும் தீர வழி இல்லாமல் இல்லை. துறையின் பெயர் கோப்பில் இருக்கட்டும். நிதியும் பணியிடமும் உதவித்தொகையும் அந்தக் கோப்பின் வழியாகவே வரட்டும். ஒவ்வொரு பள்ளிக்கும் யுடைஸ் என்ற 11 இலக்க எண் இருக்கிறது. கணக்கு வைப்பதற்கு அந்த எண் போதும், பலகை தேவையில்லை. அந்தப் பள்ளி ஏன் பிறந்தது என்ற வரலாற்றை ஒரு கல்வெட்டாக வளாகத்துக்குள் வைக்கலாம். அங்கே படிக்கும் எல்லாப் பிள்ளைகளும் அதைப் படிக்க வேண்டும் என்றே சொல்வேன். சான்றிதழில் மட்டும் அது வேண்டாம்.

எண்ணைப் பற்றிப் பேச்சு வந்ததால் ஒன்று. நியூயார்க் நகரத்தில் பொதுப் பள்ளிகள் பலவற்றுக்கு எண்தான் பெயர். பெயர்ச் சண்டைக்கு அதைவிடச் சுலபமான மருந்து இல்லை என்று தோன்றும். ஆனால் அங்கும் பல பள்ளிகள் எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு மனிதரின் பெயரையும் சேர்த்துக்கொண்டன. எண்ணோடு மட்டும் வாழ மனிதர்களுக்குப் பிடிப்பதில்லை போலும்.

இடம் கொடுத்தவர்களுக்கு வருவோம். அரசுப் பள்ளிகள் பலவும் யாரோ ஒருவர் தந்த நிலத்தில்தான் நிற்கின்றன. 2024 ஜனவரியில் மதுரையை அடுத்த கொடிக்குளத்தில் ஒரு வங்கி ஊழியர், தம் குடும்பத்துக்குச் சொந்தமான 1.52 ஏக்கர் நிலத்தை ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளிக்கு எழுதிக் கொடுத்தார். கோடிக்கணக்கில் விலைபோகும் நிலம். அவர் கேட்டதெல்லாம், இறந்துபோன தம் மகளின் பெயர் பள்ளிக்கு இருக்க வேண்டும் என்பதுதான். அந்தக் கோரிக்கையை யாரால் மறுக்க முடியும்? ஒரு தாயின் துக்கம் ஊர்ப் பிள்ளைகளுக்கு வகுப்பறையாக மாறியிருக்கிறது.

எல்லாக் கொடையும் அவ்வளவு தூய்மையாக அமைவதில்லை என்பதும் தெரிந்ததே. பெயரோடு பட்டமும், பட்டத்தோடு சாதியும், அதோடு "எங்கள் பள்ளி" என்ற உரிமையும் வந்துவிடுகிற இடங்கள் உண்டு. நிலத்தின் கணக்கும் சிலவேளை தெளிவாக இருப்பதில்லை. ஊர்ப் புறம்போக்கைத் தாத்தாவின் கொடை என்று சொல்லிப் பழகிவிட்ட குடும்பங்கள் இல்லாத வட்டாரம் எது? கொடையாளருக்கு நன்றி சொல்வது ஊரின் கடமை. அந்த நன்றியை ஒவ்வொரு தலைமுறைப் பிள்ளையும் தன் சான்றிதழில் சுமக்க வேண்டுமா என்பதுதான் கேள்வி. கட்டடத் தொகுதிக்கு அவர் பெயர் வைக்கலாம், வாசலில் கல் வைக்கலாம், ஆண்டு விழாவில் அவர் குடும்பத்தை முதல் வரிசையில் உட்கார வைக்கலாம். கொடிக்குளம் போல, அத்தனை பெரிய கொடை என்றால், பெயரின் பின்னே சாதி ஒட்டாமல் ஊர் கூடி ஒப்புக்கொள்வதிலும் தவறில்லை.

இவ்வளவும் சொன்ன பிறகு, ஊர்ப்பெயர் இருக்கவே இருக்கிறது, அதை வைத்துவிட்டுப் போகலாமே என்பது பலருடைய எண்ணமாக இருக்கும். என் எண்ணமும் பெரும்பாலும் அதுதான். ஊர்ப்பெயருக்குக் கட்சி இல்லை. அது நெடுநாள் நிற்கும். மலேசியாவில் ரப்பர்த் தோட்டங்கள் அழிந்து, மக்கள் நகரங்களுக்குப் பெயர்ந்து, பள்ளியும் அவர்களோடு இடம் மாறிய பிறகும், பல தமிழ்ப் பள்ளிகள் பழைய தோட்டத்தின் பெயரையே தாங்கி நிற்கின்றன. தோட்டம் இல்லை, துரை இல்லை, ஆனால் அங்கே வாழ்ந்தவர்களின் நினைவு பள்ளிப் பலகையில் இருக்கிறது. ஊர்ப்பெயர் அவ்வளவு வலுவானது.

ஆனாலும் நம் கரையில் ஊர்ப்பெயர் அத்தனை நடுநிலையானது அல்ல. இங்கே ஒரு பெயரில் குப்பம் என்று முடிந்தால் அது மீனவர் ஊர் என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும். காலனி என்றால் இன்னொன்று தெரியும். அந்தச் சொல்லை அரசு ஆவணங்களிலிருந்தும் புழக்கத்திலிருந்தும் நீக்குவோம் என்று 2025 ஏப்ரலில் சட்டப்பேரவையில் முதல்வர் அறிவித்ததற்குக் காரணமும் அதுதான். பெரிய ஊரும் குப்பமும் காலனியும் ஒரு கல் தொலைவுக்குள் இருக்கும் இடத்தில், நடுவில் எழும் பள்ளிக்கு எந்த ஊரின் பெயர்? வருவாய்த் துறைப் பதிவேட்டில் உள்ள தாய்க்கிராமத்தின் பெயர் என்று அதிகாரிகள் சொல்வார்கள். சட்டப்படி சரி. "அவங்க ஊர் ஸ்கூலுக்கு நாங்க போறோம்" என்று ஒரு குப்பத்துப் பையன் சொல்லும்படி அது ஆகிவிட்டால், சட்டப்படி சரியாக இருந்து என்ன பயன்?

இப்படிப்பட்ட இடங்களில் ஊர்களுக்கு மேலே, எல்லோருக்கும் பொதுவாக உள்ள ஒன்றைத் தேடலாம். இந்த மண்ணில் அதற்குப் பஞ்சமே இல்லை. கழுவெளி இருக்கிறது. 2021 டிசம்பரில் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட 5,151.6 ஹெக்டேர் ஈரநிலம் அது. ஒரு கரையில் நெல் விளைகிறது, இன்னொரு பக்கம் உப்பளம், நடுவில் தண்ணீருக்குள் நடந்து கையால் இறால் தேடும் இருளர். அதற்கு ஒரு சாதியின் பெயரைச் சூட்ட இதுவரை யாருக்கும் தோன்றவில்லை.

அதைவிடப் பழைய பெயரும் உண்டு. திண்டிவனமும் மரக்காணமும் அடங்கிய இந்தப் பகுதி ஒரு காலத்தில் ஓய்மாநாடு. அதை ஆண்ட நல்லியக்கோடனைப் பாடியதுதான் சிறுபாணாற்றுப்படை. பத்துப்பாட்டில் ஒன்று, 269 அடிகள். அதில் வரும் எயிற்பட்டினம் மரக்காணம்தான் என்பது ஆய்வாளர் பலருடைய கருத்து. கிடங்கில் என்பது திண்டிவனத்தோடு இன்றும் ஒட்டியிருக்கிறது. பாடியவரோ வெளியூர்க்காரர் அல்லர். மரக்காணத்துக்குச் சற்று வடக்கே உள்ள இடைக்கழிநாட்டு நல்லூரைச் சேர்ந்த நத்தத்தனார். அந்தப் பாட்டில் கொற்கையைச் சொல்லும் இடத்தில் ஒரு காட்சி வரும். உப்பு வணிகர்களின் வண்டித் தொடரோடு வந்த மந்தி ஒன்று, அந்த உமணர்களின் பிள்ளைகளோடு சேர்ந்து, முத்து உள்ளே கிடந்து ஒலிக்கும் கிளிஞ்சிலைக் கிலுகிலுப்பையாக ஆட்டி விளையாடும். உப்பு விற்கப் போனவர்களின் குழந்தைகளைச் சங்கப் பாட்டுக்குள் விளையாட விட்ட புலவரின் பெயர், அவர் பிறந்த கரையில் உள்ள எத்தனை பேருக்குத் தெரியும்? நத்தத்தனாருக்கு வாக்கு வங்கி இல்லை. அதனால்தானோ என்னவோ, அவர் பெயரை யாரும் கேட்பதும் இல்லை.

புலவர் பெயர் என்றால் பழமைப் பற்று என்று நினைக்க வேண்டாம். 1946-இல் சிங்கப்பூரில், தென்காசிப் பக்கத்துக் கடையநல்லூரிலிருந்து போய்க் குடியேறிய முஸ்லிம்களின் சங்கம் ஒரு தமிழ்ப் பள்ளியைத் தொடங்கியது. தங்கள் சங்கத்தின் பெயரையே வைத்திருக்கலாம், யாரும் தடுத்திருக்க மாட்டார்கள். அவர்கள் சீறாப்புராணம் பாடிய உமறுப் புலவரின் பெயரை வைத்தார்கள். சமயத்தால் தங்களுக்கு நெருக்கமானவர், தமிழால் எல்லோருக்கும் உரியவர். 1982-இல் பள்ளி மூடப்பட்டது. பெயர் போகவில்லை. சிங்கப்பூர்ப் பிள்ளைகள் சமயம் பாராமல் தமிழ் படிக்கப் போகும் உமறுப் புலவர் தமிழ்மொழி நிலையம் இன்றும் இயங்குகிறது. தம்மவராகவும் எல்லோருக்கும் உரியவராகவும் உள்ள ஒருவரைத் தேடிப் பிடிப்பது முடியாத காரியம் அல்ல என்பதற்கு அந்த ஒரு பலகை போதும்.

ஆக, எனக்குச் சரியென்று படுவது இது. சான்றிதழில் வரும் பெயர் ஊர்ப்பெயராக இருக்கட்டும். பள்ளி இரண்டு மூன்று ஊர்களுக்கு நடுவில் நின்றால், கழுவெளி, ஓய்மாநாடு போன்ற பொதுப்பெயர் ஒன்று முன்னே வரட்டும். சாதியும் துறையும் அதில் வேண்டாம். உயிரோடு இருப்பவர் எவ்வளவு பெரியவரானாலும் அவர் பெயரும் வேண்டாம். தலைவர்களுக்கும் கொடையாளர்களுக்கும் புலவர்களுக்கும் உள்ளே இடம் நிறைய இருக்கிறது. ஒரு பள்ளிக்கு ஒரு பெயர்தான் உண்டு. ஆனால் நூலகம், அறிவியல் கூடம், கலையரங்கம், விளையாட்டுத் திடல், மரத்தடி மேடை என்று பெயர் கேட்கும் இடங்கள் பல. ஒரே வளாகத்துக்குள் அம்பேத்கரும் காமராஜரும் இடம் தந்தவரும் நத்தத்தனாரும் சேர்ந்திருக்கலாம். பெயர் சுருக்கமாகவும் இருக்கட்டும். முன்னொட்டும் பின்னொட்டும் பட்டமும் நினைவுச் சொல்லும் சேர்ந்தால் மாற்றுச் சான்றிதழின் கோட்டில் அடங்காது, கடைசியில் எழுத்தர் தமக்குத் தோன்றிய இடத்தில் வெட்டிவிடுவார்.

இது தலைவர் பெயர் கேட்பவர்களுக்கு முழு நிறைவைத் தராது. கொடையாளர் வீட்டாருக்கும் ஒரு சிறு வருத்தம் இருக்கும். ஊர்ப்பெயர் தவிர வேறெதுவும் கூடாது என்பவர்கள் கழுவெளியையே சந்தேகமாகப் பார்க்கலாம். ஒவ்வொருவரும் கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கிறது. ஆனால் யாரும் தோற்றுப்போவதில்லை. இந்தக் கரையின் மக்களை நான் அறிந்த அளவில், வலை இழுக்கவும் வரப்பு உடைந்தால் மண் போடவும் கூடுகிறவர்களுக்கு இது பெரிய காரியம் இல்லை.

என்ன பெயர் என்பதற்கு இணையாக, யார் கூடி வைத்தார்கள் என்பதும் முக்கியம். கல்வி உரிமைச் சட்டப்படி ஒவ்வொரு அரசுப் பள்ளிக்கும் பள்ளி மேலாண்மைக் குழு இருக்க வேண்டும். உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். தமிழ்நாட்டில் 2024-இல் திருத்தி அமைக்கப்பட்ட குழுக்களில் முன்னாள் மாணவர்களும் இருக்கிறார்கள். பெயரைப் பற்றிய பேச்சு முதலில் எழ வேண்டிய இடம் இதுதான். கல்யாண மண்டபமோ கட்சி அலுவலகமோ அல்ல. அங்கிருந்து கிராம சபைக்குப் போகட்டும். பள்ளிக்கு வரும் ஊர்கள் வெவ்வேறு ஊராட்சிகளில் இருந்தால், எல்லாச் சபைகளிலும் வைக்க வேண்டும். ஒரு சபை மட்டும் தீர்மானம் போட்டு அனுப்புவது அடுத்த சண்டைக்கு அழைப்பு. பேரூராட்சிக்குள் இருப்பவர்கள் வார்டு உறுப்பினர் வழியாகச் சொல்லலாம். பிள்ளைகளையும் கேட்கலாம். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் ஆளுக்கொரு தாள் கொடுத்துப் பெயரும் காரணமும் எழுதச் சொன்னால், பெரியவர்களுக்குத் தோன்றாத நல்ல பெயர் ஒன்றாவது வரும்.

ஒரு நடைமுறைக் குறிப்பும் சொல்ல வேண்டும். கூட்டத்தைக் காலை பதினோரு மணிக்கு வைத்தால் இங்கே யார் வருவார்கள்? அளத்துக்குப் போகிறவர்கள் விடியுமுன் போய், வெயில் ஏறி உடம்பு ஓய்ந்து திரும்புகிற நேரம் அது. கடலுக்குப் போனவர்கள் மீனை விற்று முடித்திருக்க மாட்டார்கள். அந்த நேரத்தில் நாற்காலியில் உட்கார முடிகிற நான்கு பேர் சேர்ந்து எடுக்கும் முடிவு, ஊர் முடிவு என்று பதிவாகிவிடும். பிறகு மற்றவர்கள் எதிர்க்கும்போது "கூட்டத்துக்கு வரவில்லையே" என்பார்கள். மாலையில் வைப்பது ஒன்றும் கடினமில்லை. பெண்கள் வரும் நேரமாகவும் அது இருக்க வேண்டும். உப்பு வாருவதில் பாதிக்கு மேல் அவர்கள் கைதான், பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புவதிலோ முக்கால்வாசி அவர்கள் பாடு. பெயரை முடிவு செய்த கூட்டத்தின் தீர்மானத்தில் ஒவ்வொரு குடியிருப்பிலிருந்தும் வந்தவர்களின் கையெழுத்து இருந்தால், நாளை யாரும் "எங்களைக் கேட்கவில்லை" என்று சொல்ல முடியாது. கல்வித் துறை அதிகாரிகளுக்கும் அப்படிப்பட்ட ஒரு தாள் கையில் இருப்பது நிம்மதி.

கிராம சபை ஆண்டுக்கு ஆறு நாள் கூடுகிறது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. மரக்காணத்தில் ஜனவரி தொடங்கிச் செப்டம்பர் வரை உப்புக் காலம், பிறகு மழை. அக்டோபர் 2-உம் நவம்பர் 1-உம் பாத்திகளில் வேலை ஓய்ந்திருக்கும் நாட்கள். உங்கள் ஊரில் பள்ளி ஒன்று தரம் உயரப் போகிறதென்றாலோ, புதிய கட்டடம் எழுகிறதென்றாலோ, அந்த இரண்டு நாட்களில் ஒன்றைப் பெயருக்கென ஒதுக்குங்கள். பக்கத்துக் குடியிருப்புக்காரரையும் கூடவே அழைத்து வாருங்கள். பலகை எழுதுபவரை அதற்குப் பிறகு கூப்பிட்டுக்கொள்ளலாம்.